பல்லக்காவின் டயர்கள்

பல்லக்காவுக்குப் பல் கட்டுவது வேலை. டாக்டர் வேறு, இவள் வேறு. டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி அச்செடுத்து அனுப்புவார். அந்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் செதுக்கி, சூளையில் சுட்டு, தேய்த்து, பளபளவென்று ஒரு பல்லாக்கித் திருப்பி அனுப்புவது இவள். மருத்துவமனையின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறைதான் அவளுடைய பட்டறை. ஜன்னலோரம் ஒரு நீள மேசை, அதன் மேல் வரிசையாகத் தாடைகள். புதிதாக எட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு நிமிடம் பேச்சு வராது. இருபத்திரண்டு வருடமாக அந்தத் தாடைகளுக்கு நடுவில்தான் அவள் மத்தியானச் சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிடுகிறாள்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. நன்றாகக் கட்டிய பல் யார் கண்ணிலும் படாது. பட்டால் சரியில்லை என்று அர்த்தம். நன்றியெல்லாம் முன்னறையிலேயே டாக்டர் கையில் சேர்ந்துவிடும். படிக்கட்டுக்குக் கீழே ஒரு துளிகூட வந்து சேராது. அதில் தனக்கு வருத்தமே இல்லை என்று பல்லக்கா சொல்வாள். கொஞ்சம் இருந்தது. இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு லிஃப்ட் மெக்கானிக் முன்பல்லை உடைத்துக்கொண்டு வந்தான். நிறம் பார்ப்பதற்காக அவனைப் பின்னறைக்கு அனுப்பினார்கள். உதட்டைத் தூக்கிப் பிடித்து நிறம் ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் கண் முழுக்க மேசை மேல் கிடந்த ரப்பர் துண்டின் மேலேயே இருந்தது. பல் அச்செடுக்கிற இளஞ்சிவப்பு ரப்பர். கையை எடுத்ததும் முதல் வேலையாக அதைக் கிள்ளிப் பார்த்து, இது வழுக்குமா என்று கேட்டான். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவன் ரோபோ ஓட்டுகிறவன். உள்ளங்கையளவு வண்டி. வெள்ளைப் பலகையில் ஒட்டிய கறுப்புக் கோட்டை அடியிலுள்ள சென்சார்களால் பார்த்துக்கொண்டே, யார் கையும் படாமல் தானே ஓடும். யாருடைய வண்டி சீக்கிரம் கோட்டை முடிக்கிறது என்று ஆண்டுதோறும் போட்டி. அவனுடைய வண்டி வேகமாகத்தான் போனது, வளைவில் சறுக்கியது, அதுதான் அவனுக்குத் தூக்கம் வராத கவலை. மறு வாரம் பல்லை வாங்க வந்தபோது பல்லக்கா பல்லோடு நாலு குட்டி டயர்களையும் கொடுத்தாள். மாவில் அச்சு செய்து, ரப்பரை ஊற்றி வார்த்தவை. பல் எப்படிப் பொருந்தியதோ தெரியாது, டயரைப் போட்ட வண்டி பலகையைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. அந்த வருடம் அவன் ஜெயித்தான். உடைந்த பல் தெரியாமல் சிரித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றான்.

போட்டியைப் பார்க்க அவன் அழைத்துப் போனதுதான் வினை. போனவள் மறு வருடம் சொந்தமாக ஒரு வண்டியோடு போய் நின்றாள். ஞானப்பல் என்று அதற்குப் பெயர் வைத்தாள். முளைக்கும்போதும் வலி, வைத்திருந்தாலும் வலி, பொருத்தமான பெயர்தான் என்று அவள் வீட்டுக்காரர் சொன்னார். அவர் தபால்காரர். அளந்து பேசுகிற மனிதர். மூன்று வருடமாக வீட்டுச் சாப்பாட்டு மேசையின் மேல் வெள்ளைப் பலகை படுத்திருக்கிறது, குடும்பமே தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறது. அதற்கும் அவர் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.

ஆறு வருடம் ஓட்டினாள். வருடத்துக்கு மூன்று ஓட்டம், ஆக மொத்தம் பதினெட்டு ஓட்டம். பதினெட்டிலும் வண்டி கோட்டை விட்டு வெளியே பறந்தது. ஒருமுறைகூட முடித்ததில்லை.

இத்தனைக்கும் வண்டியில் குறையில்லை. குறை ஓட்டுகிறவளிடம் இருந்தது. வண்டியின் முதுகில் ஒன்று முதல் ஐந்து வரை வேகம் வைக்கிற ஒரு சின்னத் திருகு உண்டு. புத்தியுள்ளவர்கள் முதல் ஓட்டத்தை இரண்டில் வைப்பார்கள். வண்டி மெதுவாகப் போய், எங்கே வளைவு, எங்கே நேர்பாதை என்று சக்கரம் சுற்றும் கணக்கை வைத்து மனப்பாடம் செய்துகொள்ளும். கூடத்து நேரப் பலகையிலும் ஒரு நேரம் ஏறிவிடும். அடுத்த இரண்டு ஓட்டத்தில், மனப்பாடம் செய்ததை வைத்து நேர்பாதையில் பாய்ந்து, வளைவுக்கு முன் தானே பிரேக் போட்டு, எட்டு பத்து நொடிகளில் முடிக்கும். பல்லக்கா முதல் ஓட்டத்திலேயே ஐந்தில் வைப்பாள். இருபத்திரண்டு வருடம் யார் கண்ணிலும் படாத வேலை செய்தவள். இங்கேயும் வந்து உருட்டிக்கொண்டு போவதா? எல்லாரும் வாயைப் பிளக்க வேண்டும், இது யாருடையது என்று கேட்க வேண்டும். வாயைப் பிளந்தார்கள்தான். அவள் வண்டி ஓடும்போது வளைவோரம் இரண்டு பேர் சோபாத் தலையணையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அந்தக் கூடத்தில் வழக்கமாகவே ஆகிவிட்டது.

ஆனால் அவளுடைய டயர் அப்படியில்லை. பெரியவர்கள் பிரிவில் ஓடுகிற பத்தொன்பது பேரில் பதினைந்து பேருக்கு அவள் டயர்தான். முதல் ஓட்டம் முடிந்து இடைவேளை விட்டதும் அவள் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைப்பாள். எல்லாரும் வரிசையில் நின்று, தூசி ஏறிய டயரைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டுக்கொள்வார்கள். காசு வாங்க மாட்டாள். நன்றாக ஓடினால் யாருடைய டயர் என்று சொல்லுங்கள், அது போதும் என்பாள். அவர்களும் சொன்னார்கள், மைக்கிலேயே சொன்னார்கள். ஆனாலும் டயர் அக்கா என்று பெயர் வாங்குவது ஒன்று, ஓட்டக்காரி என்று பெயர் வாங்குவது ஒன்று. இரண்டுக்கும் உள்ள தூரம் அவளுக்குத் தெரியும்.

இந்த வருடம் போட்டிக்கு ஒரு மாதம் முன்னால் கடிதம் வந்தது. கொண்டுவந்தவர் வீட்டுக்காரர்தான். தன் வீடு என்பதற்காக அவர் மணியடிக்காமல் உள்ளே வந்ததில்லை, கடமை கடமைதான். வெளியே நின்று அழைப்பு மணியை அழுத்தி, கையில் கொடுத்துவிட்டு, அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். கடிதத்தில் புதிய விதி ஒன்று. மூன்று வருடம் தொடர்ந்து ஒரு ஓட்டமும் முடிக்காதவர், இந்த வருடமும் முடிக்காவிட்டால், அடுத்த வருடம் முதல் தொடக்கநிலைப் பிரிவில்தான் கலந்துகொள்ள வேண்டும்.

தொடக்கநிலைப் பிரிவு என்றால் கீழ்த்தளம். எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள். முழங்கால் உயர நாற்காலி, சட்டையில் ஒட்டிக்கொள்ள முயல் படம் போட்ட பெயர்ச்சீட்டு, கலந்துகொண்ட எல்லாருக்கும் சான்றிதழ். பல்லக்காவுக்குப் பிள்ளைகள் மேல் கோபமில்லை. ஆனால் நாற்பத்தேழு வயதில் முயல் சீட்டை ஒட்டிக்கொண்டு, முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதைவிட, மேல்தளத்துக் கூடத்தில் பேட்டரியையும் ரப்பரையும் பற்றி வாய் வலிக்கப் பேசுகிற அந்தப் பதினெட்டுப் பேரை விட்டுப் போக வேண்டும். வருடம் முழுவதும் அவள் காத்திருப்பது அந்த ஒரு நாளுக்காகத்தான். அந்த மாதம் முழுக்கச் சோற்றில் உப்புக் கூடியும் குறைந்தும் வந்தது. தபால்காரர் இரண்டையும் சாப்பிட்டார்.

போட்டிக்கு இரண்டு நாள் முன், ஏழு வருடம் உழைத்த டயர் அச்சு விரிசல் விட்டு உடைந்தது. புது அச்சு செய்யலாம் என்று பார்த்தால் பட்டறையில் சாதாரண மாவு தீர்ந்துபோயிருந்தது. உலோகப் பல் வார்க்கிற மாவு ஒரு டப்பா நிறைய இருந்தது. மாவு மாவுதானே என்று அதைக் கரைத்து ஊற்றி, அச்சு செய்து, பதினாறு வண்டிக்கு டயர் வார்த்து, டப்பாவில் அடுக்கினாள்.

போட்டி நாளன்று முதல் ஓட்டம் தொடங்கியது. மற்றவர்கள் இரண்டில் வைத்து, மெதுவாக ஓட்டி, நேரத்தைப் பதிந்துகொண்டு போனார்கள். பல்லக்காவின் முறை வந்தது. வீட்டிலிருந்து புறப்படும்போதே இந்த முறை இரண்டு என்று தபால்காரரிடம் சத்தியம் செய்திருந்தாள். கூடம் நிறைய ஆட்கள். தலையணைக்காரர்கள் இடத்துக்கு வந்துவிட்டார்கள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். விரல் தானாகப் போய் ஐந்தில் நின்றது. மூன்றாவது வளைவில் ஞானப்பல் தலையணையில் போய் விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். தபால்காரர் மட்டும் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

இன்னும் இரண்டு ஓட்டம் இருக்கிறதே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு அவள் டப்பாவைத் திறந்தாள். வரிசை நின்றது. பதினைந்து பேரும் புது டயர் மாட்டிக்கொண்டார்கள். அவளும் ஞானப்பல்லுக்கு ஒரு செட் மாட்டினாள்.

இரண்டாவது ஓட்டத்தில் முதலில் போன வண்டி அந்த நீளமான நேர்பாதையின் முடிவில் வளையாமல் நேரே போய்த் தரையில் குதித்தது. ஐயோ பாவம் என்றார்கள். இரண்டாவதும் அங்கேயே குதித்தது. மூன்றாவது வண்டியும் அப்படியே. ஐந்தாவது வண்டி குதித்ததும் ஆட்டத்தை நிறுத்தினார்கள். நடுவர் வந்து குனிந்தார். அவர் வெளியே ஓட்டுநர் தேர்வு நடத்துகிற அதிகாரி. இண்டிகேட்டர் போட மறந்தால் சொந்த மைத்துனனையே தோற்கடித்தவர். டார்ச் அடித்துக் கோட்டைப் பார்த்தார். பலகை மட்டமாக இருக்கிறதா என்று பார்த்தார். ஜன்னல் வெளிச்சமாக இருக்கும் என்று திரையை இழுத்து மூடச் சொன்னார். திரை மூடிய பின் ஓடிய லிஃப்ட் மெக்கானிக்கின் வண்டி அவருடைய ஷூவில் வந்து முட்டியது.

உண்மையைச் சொன்னால், முதல் ஐந்து வண்டி குதிக்கும்வரை பல்லக்காவுக்கு உள்ளூர ஒரு சின்னக் குஷி. ஆறு வருடம் அவள் மட்டும்தான் குதித்துக்கொண்டிருந்தாள். இப்போது துணைக்கு ஆள் வந்திருக்கிறது. மெக்கானிக்கின் வண்டி முட்டியதும் குஷி போய்விட்டது. எல்லா வண்டியும் ஒரே அளவு தள்ளித்தான் பிரேக் போடுகிறது. கோடு வளைகிற இடத்துக்கு நாலு விரல்கடை அப்பால். மயிரிழை இடைவெளியை வெறுங்கண்ணால் பிடிக்கிறவளுக்கு நாலு விரல்கடை தெரியாமல் போகுமா?

பையிலிருந்து அளவுகோலை எடுத்து, மெக்கானிக் கழற்றிப் போட்ட பழைய டயரை அளந்தாள். புது டயரை அளந்தாள். புதிது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பெரிதாக இருந்தது. அப்போதுதான் அவளுக்கு வியர்த்தது. உலோகம் ஆறும்போது சுருங்கும், அந்தச் சுருக்கத்துக்கு ஈடாக உப்புவதற்கென்றே செய்த மாவு அது. எந்தப் பல்லைக் கட்டினாலும் தூக்கத்தில்கூட இந்தக் கணக்கைப் போடுகிறவள், டயர்தானே என்று விட்டுவிட்டாள். பழைய டயரில் மனப்பாடம் செய்த வண்டிகள், பெரிய டயரில் அதே சுற்றை எண்ணிக்கொண்டு ஓடுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதல் தூரம். சின்ன நேர்பாதைகளில் சமாளித்துக்கொண்டன. பெரியதில் முடியவில்லை.

இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. அளவுகோல் வைத்திருப்பவளும் அவள்தான். நடுவர் மைக்கில் ஒன்று சொல்லிவிட்டிருந்தார்: கோளாறு எதுவென்று தெரிந்தால் இரண்டாவது ஓட்டத்தை ரத்து செய்து மறுபடி நடத்துவோம், ஆனால் நாலு மணிக்குக் கூடத்தைக் காலி செய்ய வேண்டும், ஆகவே ஆளுக்கு ஒரே ஓட்டம்தான் மிஞ்சும். தெரியாவிட்டால் ஆட்டம் அப்படியே தொடரும். சும்மா இருந்தால் அவளுக்கு இரண்டு வாய்ப்பு, வாயைத் திறந்தால் ஒன்று. ஒரு வாய்ப்பை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்பதற்கு ஆறு வருடச் சாட்சி இருக்கிறது.

வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டயர் இரண்டையும் அவர் உள்ளங்கையில் வைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"சொன்னா ஒரு ஓட்டம் போயிடுங்க."

"சொல்லலன்னா உனக்கு மூணு நாளைக்குச் சோறு இறங்காது. பாத்திருக்கேன்."

"அப்புறம் கீழ் மாடிதான்."

"கீழ் மாடிக்கும் நான் கூட வரேன். எழுந்திரு."

எழுந்தாள். நடுவரிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று போனாள். அவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, தன் வழக்கப்படி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லும்படி மைக்கை நீட்டினார். அவளுக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை.

"பலகையில ஒண்ணுமில்ல. டயர் பெரிசாயிடுச்சு. மாவை மாத்திட்டேன். தப்பு என்னுது. பழைய டயரை வச்சிருக்கறவங்க அதையே போட்டுக்கோங்க."

கணக்கு வாத்தியார் ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். பின்வரிசையிலிருந்து மெக்கானிக்கின் குரல் வந்தது.

"அக்கா, என் பல்லை எந்த மாவுல கட்டினீங்க?"

கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. வாத்தியாரும் சிரித்துவிட்டார். அடுத்த கால் மணி நேரம், பழைய டயரைக் குப்பைக்கூடையில் போட்டவர்களெல்லாம் கூடையைக் கவிழ்த்துத் தேடினார்கள். யாருடைய டயர் எது என்று ஒரு சின்னப் பஞ்சாயத்தும் நடந்தது. நடுவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பல்லக்காவைப் பார்த்தார்.

"மேடம், விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். உங்களுக்கும் இனிமே ஒரு ஓட்டம்."

"தெரியும் சார்."

பழைய டயருக்குத் திரும்பியதும் வண்டிகள் ஒழுங்காக ஓடின. மெக்கானிக் ஒன்பது நொடியில் முடித்தான். வாத்தியார் பதினொன்று. கடைசிப் பெயர் பல்லக்காவுடையது. தலையணைக்காரர்கள் சிரித்துக்கொண்டே வளைவோரம் வந்து நின்றார்கள். யாரோ கைபேசியில் படம் பிடிக்கத் தயாரானார்கள்.

அவள் ஞானப்பல்லைக் கோட்டின் தொடக்கத்தில் வைத்தாள். திருகு ஐந்தில் இருந்தது. ஐந்தில் விட்டால் தலையணைக்குப் போகும், கைதட்டு நிச்சயம். விரலை வைத்து நாலுக்குத் திருப்பினாள். மூன்று. இரண்டு. இரண்டில் கை நின்றது. இரண்டில் இந்த வண்டியை அவள் ஓட்டிப் பார்த்ததே இல்லை. இப்போது சந்தேகத்துக்கு இடம் வைக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றுக்குத் திருப்பினாள்.

ஞானப்பல் புறப்பட்டது. புறப்பட்டது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லித்தான் தூரத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. அவ்வளவு மெதுவாகப் போனது. முதல் வளைவைத் தாண்டுவதற்குள் படம் பிடித்தவருக்குக் கை வலித்தது. ஒரு பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. பல்லக்காவுக்குக் காது சூடேறியது. ஒரு ஓட்டத்துக்கு ஒன்றரை நிமிடம்தான் அனுமதி என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. யாரும் அந்த விதியைப் பற்றிக் கவலைப்பட வேண்டி வந்ததே இல்லை.

மூன்றாவது வளைவு வந்தது. தலையணைக்காரர்கள் பழக்கதோஷத்தில் குனிந்தார்கள். வண்டி அவர்களைக் கடந்து போனது. இருவரும் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தார்கள். நீள நேர்பாதையின் நடுவில் இரண்டு பலகைகள் சேருகிற இடத்தில் ஓர் அட்டையின் கனத்துக்கு மேடு. வேகமாகப் போகிறவர்கள் அதைக் கவனித்ததுகூட இல்லை, தாவிவிடுவார்கள். ஞானப்பல் மேட்டில் முட்டி நின்றது. மோட்டார் முனகியது. சிரிப்பு நின்றுவிட்டது. பல்லக்கா மூச்சை இழுத்தாள், விடவில்லை. சக்கரம் அரைச்சுற்று வழுக்கி, பிறகு அந்த உப்பிய டயர் பலகையைக் கவ்வி, வண்டி மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது.

யார் முதலில் எண்ணத் தொடங்கினார்கள் என்று தெரியாது. எழுபத்தைந்து, எழுபத்தாறு என்று கூடமே எண்ணியது. நடுவர் எண்ணவில்லை, ஆனால் முன்னால் குனிந்திருந்தார். எண்பதில் கடைசி வளைவு. எண்பத்தைந்தில் கோட்டின் முடிவு ஒரு கையளவு தூரத்தில் இருந்தது. மெக்கானிக் தரையில் குப்புறப் படுத்துப் பலகையோடு கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி முடிவுக்கோட்டைத் தாண்டி, தன் வேலை முடிந்தது என்று நின்றது.

முதலில் தலையணைகள் மேலே பறந்தன. பிறகு கத்தல். மெக்கானிக் எழுந்து அவளைத் தூக்கப் போய், முடியாமல், கையைப் பிடித்துக் குலுக்கினான். தபால்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மனைவியைப் பார்க்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. நேரம் குறிப்பவர் நேரப் பலகையில் பத்தொன்பதாவது இடத்தில், கடைசி வரியில் எழுதிவிட்டு, மைக்கில் படித்தார்.

"ஞானப்பல். ஒரு நிமிஷம் இருபத்தாறு புள்ளி மூணு நொடி."

முதல் பரிசுக்காரனின் நேரத்தைப் போல் ஒன்பது மடங்குக்கும் மேல். இருந்தாலும் அது நேரம். எண்ணால் எழுதப்பட்ட, எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருக்கிற, அவளுடைய நேரம். பல்லக்காவுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரம் குறிப்பவரின் மேசைக்குப் போய் நின்றாள்.

"இன்னொரு தடவை படிங்களேன்."

அவர் நடுவரைப் பார்த்தார். நடுவர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. படியுங்கள் என்று தலையசைத்தார். நேரம் குறிப்பவர் மைக்கை வாயருகே கொண்டுபோய், கூடம் அடங்கும்வரை காத்திருந்து, முதலிலிருந்து நிறுத்தி நிதானமாகப் படித்தார்.